நிலச் சட்டத்தில் ஓர் 'ஆர்': ஆங்கில வாக்கியத்தின் சரியும் பிழையும்

கடலூர் மாவட்டம் சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், 2023 ஜூலை 26 அன்று, வளர்ந்து நின்ற நெல் வயல்களில் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. நெய்வேலி நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யின் இரண்டாம் சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய் வெட்டும் வேலை அது. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது, இழப்பீடும் தரப்பட்டது, விதைக்க வேண்டாம் என்றும் சொல்லப்பட்டது என்பது நிறுவனத்தின் நிலை. எடுத்த நிலத்தை இத்தனை ஆண்டு தொடாமல் விட்டுவிட்டு, பயிர் நிற்கும்போது வந்து அழிப்பது என்ன நியாயம் என்பது உழவர்களின் கேள்வி. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்க நீதிமன்றம் ஆணையிட்டது. மீதிப் பயிரை அறுத்துக்கொண்டு செப்டம்பர் 15-க்குள் நிலத்தை ஒப்படைக்கும்படி உழவர்களிடம் கூறியது.

இத்தகைய வழக்குகளில் இரு தரப்பும் கையில் எடுப்பவை சட்டப் பிரிவுகள். அதாவது ஆங்கில வாக்கியங்கள். அரசியலமைப்பின் 348-ஆம் உறுப்பு, நாடாளுமன்றம் வேறு வகை செய்யும் வரை, சட்டங்களின் அதிகாரப்பூர்வமான வாசகம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே வளையமாதேவியின் ஒரு காணி நிலம் யாருக்கு என்ற கேள்வி, கடைசியில் ஓர் ஆங்கில வாக்கியத்தை எப்படிப் படிப்பது என்ற கேள்வியாக மாறுகிறது. ஆங்கில வாக்கியம் ஒன்று இலக்கணப்படி சரியா என்று பார்க்கப் பள்ளியிலும் போட்டித் தேர்வு மையங்களிலும் கற்றுத்தரும் முறை, இந்த வாக்கியங்களுக்கு முன்னால் எவ்வளவு தூரம் வருகிறது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

பிழை கண்டுபிடிக்கும் பயிற்சி

எஸ்.எஸ்.சி., வங்கித் தேர்வுகளுக்குப் படித்தவர்கள் 'ஸ்பாட்டிங் எரர்ஸ்' பகுதியை மறந்திருக்க மாட்டார்கள். ஒரு வாக்கியம் மூன்று நான்கு துண்டுகளாகக் கொடுக்கப்படும். எந்தத் துண்டில் பிழை என்று குறிக்க வேண்டும். பிழை இல்லையென்றால் 'நோ எரர்'. எழுவாய் ஒருமையாக இருந்து வினை பன்மையாக வந்தால் பிழை, காலம் மாறினால் பிழை, முன்னிடைச்சொல் தவறினால் பிழை. ரென் அண்ட் மார்ட்டின் இலக்கண நூலைப் பல தலைமுறைகள் மனப்பாடம் செய்தது இதற்காகத்தான். இப்போது அந்த வேலையில் பாதியைக் கணினியின் எழுத்துச் செயலியும் கிராமர்லி போன்ற கருவிகளும் செய்கின்றன. அடிக்கோடு வராத வாக்கியம் நல்ல வாக்கியம் என்று மாணவர் நம்பிவிடுகிறார்.

இந்தப் பயிற்சியால் பயன் இல்லை என்று சொல்ல முடியாது. வேலைக்கு எழுதும் விண்ணப்பத்தில் வினை தவறினால் விண்ணப்பம் ஒதுக்கப்படும் என்ற பயம் உண்மையானது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அந்த ஒரு மதிப்பெண் பெரிய விஷயம். ஆனால் இந்த முறை வாக்கியத்தை இரண்டே பெட்டிகளில் போடுகிறது: சரி, பிழை. 'நோ எரர்' என்று குறித்த பிறகு அந்த வாக்கியத்தைப் பற்றிக் கேட்க எதுவும் மிச்சமில்லை. அந்த வாக்கியம் எத்தனை பொருள் தருகிறது என்ற கேள்விக்கு விடைத்தாளில் கட்டம் கிடையாது.

இருபத்து நான்காம் பிரிவு

2013-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய நில எடுப்புச் சட்டம் 2014 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நியாயமான இழப்பீட்டுக்கும் வெளிப்படைத்தன்மைக்குமான உரிமைச் சட்டம் என்று அதன் நீண்ட பெயரைச் சுருக்கிச் சொல்லலாம். 1894-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை அது நீக்கியது. பழைய சட்டப்படி தொடங்கிப் பாதியில் நிற்கும் நில எடுப்புகளை என்ன செய்வது என்பதற்கு 24-ஆம் பிரிவு எழுதப்பட்டது.

அந்தப் பிரிவின் முதல் உட்பிரிவில் ஒரு தொடர் வருகிறது: இழப்பீட்டு ஆணை ஏற்கெனவே பிறந்திருந்தால், பழைய சட்டம் நீக்கப்படாதது போலவே நடவடிக்கை தொடரும். 'போல' என்பதற்கு ஆங்கிலத்தில் 'ஆஸ் இஃப்'. நடக்காத ஒன்றை நடந்ததாக வைத்துக்கொள்ளும் இந்த இடத்தில் 'ஹேட்' வர வேண்டும் என்று எட்டாம் வகுப்பு ஆசிரியர் சொல்வார். பழைய சட்டம்தான் உண்மையில் நீக்கப்பட்டுவிட்டதே. சட்டத்தின் வாசகத்தில் இருப்பதோ 'ஹேஸ்'. தேர்வில் இது கேட்கப்பட்டால் பிழையுள்ள துண்டு என்று குறித்து ஒரு மதிப்பெண் வாங்கலாம். ஆனால் இந்தப் பிழையால் யாருடைய நிலமும் போகவில்லை. இதைப் படித்த எவருக்கும் பொருள் தடுமாறுவதில்லை.

அடுத்த உட்பிரிவில், அதாவது 24(2)-இல், பிழையே இல்லை. புதிய சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு ஐந்தாண்டுகளோ அதற்கு மேலோ முன்னால் இழப்பீட்டு ஆணை பிறந்திருந்து, ஆனால் நிலம் நேரடியாகக் கைக்கொள்ளப்படவில்லை 'ஆர்' இழப்பீடு வழங்கப்படவில்லை என்றால், அந்த நடவடிக்கை காலாவதியானதாகக் கொள்ளப்படும் என்பது அதன் சாரம். எழுவாய், வினை, காலம் எல்லாம் பொருந்தியிருக்கின்றன. கருவியில் போட்டால் அடிக்கோடு வராது. 'நோ எரர்'.

நாடு முழுவதும் வழக்குகள் எழுந்தது இந்தப் பிழையற்ற வாக்கியத்தால்தான்.

மூன்று நிலங்களா, ஒரு நிலமா

சிக்கலைக் கணக்காகப் பார்த்தால் எளிது. எடுக்கப்பட்ட நிலங்களை நான்கு வகையாகப் பிரிக்கலாம். சிலவற்றில் அரசு நிலத்தையும் கைக்கொண்டது, பணத்தையும் கொடுத்தது. சிலவற்றில் நிலத்தை எடுத்தது, பணம் கொடுக்கவில்லை. சிலவற்றில் பணம் கொடுத்தது, நிலம் இன்னும் உழவர் கையில். கடைசி வகையில் இரண்டும் நடக்கவில்லை. 'ஆர்' என்பதை 'அல்லது' என்று படித்தால், முதல் வகையைத் தவிர மற்ற மூன்று வகை நிலங்களிலும் நில எடுப்பு காலாவதியாகும். இரண்டும் நடக்காதபோது மட்டும் என்று படித்தால், கடைசி வகை ஒன்றில்தான் காலாவதி.

2014 ஜனவரியில் புனே மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூவர் அமர்வு முதல் வழியில் சென்றது. இழப்பீடு கொடுக்கப்படாமல் கருவூலத்தில் கிடந்ததே காலாவதிக்குப் போதும் என்றது. அதைப் பின்பற்றி உயர் நீதிமன்றங்களிலும் உச்ச நீதிமன்றத்திலும் ஏராளமான தீர்ப்புகள் வந்தன. 2018-இல் வேறொரு மூவர் அமர்வு இதற்கு மாறான கருத்தைச் சொல்ல, சமமான இரண்டு அமர்வுகள் முட்டிக்கொண்டன. விஷயம் ஐந்து நீதிபதிகள் அமர்வுக்குப் போனது. 2020 மார்ச் 6 அன்று இந்தூர் வளர்ச்சி ஆணையம் எதிர் மனோகர்லால் வழக்கில் நீதிபதி அருண் மிஸ்ரா தலைமையிலான அந்த அமர்வு, இங்குள்ள 'ஆர்' என்பதை 'நார்' என்றோ 'அண்ட்' என்றோ படிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. புனே தீர்ப்பையும் அதைப் பின்பற்றியவற்றையும் தள்ளியது. ஆறு ஆண்டுகளாகத் தம் நிலம் தமக்கே என்று நம்பியிருந்தவர்களுக்கு, ஓர் இடைச்சொல்லின் பொருள் மாறியதால் நிலம் கைவிட்டுப் போனது.

இலக்கணம் சொல்வது எது

ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்ன காரணங்களில் ஒன்று இலக்கணம் சார்ந்தது. இரண்டு எதிர்மறை நிபந்தனைகளை 'ஆர்' இணைக்கும்போது அதை 'நார்' என்று கொள்வது மரபு என்பது அது. 1961-இல் ரஞ்சோடதாஸ் ஆத்மாராம் வழக்கிலேயே, உடன்பாட்டு வாக்கியத்தில் வரும் 'ஆர்' வேறு, எதிர்மறை வாக்கியத்தில் வரும் 'ஆர்' வேறு என்று உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியிருந்தது.

இந்த விதி உண்மையானதுதான். 'அவர் டீ ஆர் காபி குடிப்பதில்லை' என்று ஆங்கிலத்தில் சொன்னால், டீயும் குடிப்பதில்லை, காபியும் குடிப்பதில்லை என்றே கேட்பவர் புரிந்துகொள்வார். இங்கே 'நாட்' ஒரே ஒரு முறை வருகிறது. அது டீ, காபி இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் 'அவர் வரவில்லை ஆர் அவர் சாப்பிடவில்லை' என்ற வாக்கியத்தில் இரண்டு 'நாட்' இருக்கிறது. ஒவ்வொன்றும் தன் வினையோடு நின்றுவிடுகிறது. 'ஆர்' வெளியே நின்று இரண்டு முழு வாக்கியங்களை இணைக்கிறது. இதைக் கேட்பவர் இரண்டில் ஒன்று நடக்கவில்லை என்றுதான் கொள்வார். 24(2)-இன் வாக்கியம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. கைக்கொள்ளப்படவில்லை என்பதற்கு ஒரு 'நாட்', வழங்கப்படவில்லை என்பதற்கு இன்னொரு 'நாட்'. டீ–காபி வாக்கியத்துக்கு உரிய விதியை இங்கே கொண்டுவருவது, சட்டை அளவை வேட்டிக்கு எடுப்பது போன்றது. இலக்கணத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் 2014 தீர்ப்பின் வாசிப்பே இயல்பானது.

ஆனால் தீர்ப்பு இலக்கணத்தின் மேல் மட்டும் நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கு இன்னும் உறுதியான காரணம் ஒன்று இருந்தது. 24(2)-இன் இறுதியில் ஒரு முக்காற்புள்ளி. அதற்குப் பின் வழக்கறிஞர்கள் 'புரோவிசோ' என்று சொல்லும் வரம்புரை. பெரும்பாலான நில உடைமைகளுக்கு இழப்பீடு கணக்கில் செலுத்தப்படவில்லை என்றால், அறிவிக்கையில் உள்ள அனைவருக்கும் புதிய சட்டப்படி உயர்ந்த இழப்பீடு கிடைக்கும் என்கிறது அது. பணம் கொடுக்காதது ஒன்றே நடவடிக்கையை ஒழித்துவிடும் என்றால், பணம் கொடுக்காதவர்களுக்கு உயர்ந்த இழப்பீடு தரும் இந்த வரம்புரைக்கு வேலையே இல்லாமல் போகும். எந்த நடவடிக்கைக்காக இழப்பீடு தருவது? ஆகவே முதல் பகுதியில் பணம் கொடுக்காமை மட்டும் போதாது, நிலமும் எடுக்கப்படாமல் இருக்க வேண்டும் என்று அமர்வு முடிவு செய்தது. இது ஒரு வாக்கியத்தை அதன் அடுத்த வாக்கியத்தோடு சேர்த்துப் படிக்கும் முறை. வலுவான வாதம். இந்த வாதத்தோடு நின்றிருந்தால் தீர்ப்பு இன்னும் நன்றாக இருந்திருக்கும். 'ஆர்' என்றாலே எதிர்மறையில் 'நார்' என்ற பொது விதியின் துணை அதற்குத் தேவைப்படவில்லை. இனி வேறு சட்டங்களிலும் இரண்டு 'நாட்' வரும் இடமெல்லாம் இந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டுவார்கள் என்பதுதான் கவலை.

அமர்வைவிடக் குறை சொல்லத்தக்கவர் வாக்கியத்தை எழுதியவர். இரண்டும் நடக்காதபோது என்பதே அவர் கருத்தாக இருந்தால் 'நைதர்–நார்' என்ற இரண்டு சொற்கள் கையருகே இருந்தன. இரண்டில் ஒன்று என்பது கருத்தாக இருந்தால் 'ஐதர்' என்ற ஒரு சொல்லை முன்னால் வைத்திருக்கலாம். இரண்டையும் செய்யாமல் விட்ட அந்த ஒரு சொல்லின் விலையை வரைவாளர் கொடுக்கவில்லை.

தமிழில் எழுதியிருந்தால்

இதே வாக்கியத்தைத் தமிழில் எழுதுபவர் தப்பித்துப் போக முடியாது. 'நிலம் கைக்கொள்ளப்படாமலோ இழப்பீடு வழங்கப்படாமலோ இருந்தால்' என்று எழுத வேண்டும். அல்லது 'நிலமும் கைக்கொள்ளப்படாமல், இழப்பீடும் வழங்கப்படாமல் இருந்தால்' என்று எழுத வேண்டும். ஓகாரத்தைப் போடுவதா, உம்மையைப் போடுவதா என்று பேனா பிடித்தவரே அந்த இடத்தில் முடிவு செய்தாக வேண்டும்.

அதற்காகத் தமிழில் இந்தக் குழப்பம் கிடையாது என்று மார் தட்டிக்கொள்வதும் சரியல்ல. எதிர்மறையின் எல்லை பற்றிய இதே சிக்கலைத் தொல்காப்பியச் சொல்லதிகாரம் தொட்டிருக்கிறது. 'பத்தும்' என்பதில் உள்ள உம்மை முற்றும்மை. பத்தில் ஒன்றும் மிச்சமில்லை என்பது பொருள். ஆனால் 'பத்தும் கொடேன்' என்று எதிர்மறையில் வந்தால் என்ன பொருள்? ஒன்றுகூடக் கொடுக்க மாட்டேன் என்பதா, பத்தையும் கொடுக்க மாட்டேன், சிலவற்றைக் கொடுப்பேன் என்பதா? முற்றும்மை எச்சவும்மையாக மாறுவதும் உண்டு என்று தொல்காப்பியம் விதி வகுக்க, உரையாசிரியர்கள் இத்தகைய எடுத்துக்காட்டுகளால் அதை விளக்கினர். 'கொடேன்' என்ற எதிர்மறை 'பத்தும்' என்பதை உள்ளே இழுத்துக்கொள்கிறதா, வெளியே விடுகிறதா என்பதே கேள்வி. இந்திய உச்ச நீதிமன்றம் 'நாட்', 'ஆர்' இரண்டையும் வைத்துக்கொண்டு பட்ட பாடு இதன் மறுவடிவம்தான்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தமிழ் இலக்கணம் வாக்கியத்தை இரண்டு பெட்டியில் போடவில்லை. வழாநிலை, வழு, வழுவமைதி என்று மூன்று வைத்தது. விதிப்படி பிழையாக இருந்தும், பொருள் தெளிவாக இருப்பதாலோ வழக்கில் நிலைத்துவிட்டதாலோ ஏற்கப்படுவது வழுவமைதி. பசுவை 'என் அம்மை வந்தாள்' என்று உவப்பினால் சொல்வது திணை வழு. ஆனால் அமைதி பெற்றது. 24(1)-இல் 'ஹேட்' இருக்க வேண்டிய இடத்தில் வந்த 'ஹேஸ்' இந்த மூன்றாம் பெட்டிக்குப் போகும். 24(2)-இன் 'ஆர்' போக வேண்டிய பெட்டி வேறு: வழுவே இல்லாமல் மயங்கும் வாக்கியம். 'ஸ்பாட்டிங் எரர்ஸ்' தாளில் இந்த இரண்டு பெட்டிகளும் இல்லை.

மீண்டும் வளையமாதேவி

24-ஆம் பிரிவு 1894-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொடங்கிய எடுப்புகளுக்கு மட்டும் உரியது. நெய்வேலிச் சுரங்கங்களுக்குத் தமிழ்நாடு அரசு பயன்படுத்தி வந்தது, தொழில் நோக்கங்களுக்காக நிலம் எடுக்கும் 1997-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம். ஆகவே வளையமாதேவியைப் பற்றிய பேச்சில் அடிக்கடி வந்த பிரிவு வேறு: 2013 சட்டத்தின் 101-ஆம் பிரிவு. எடுத்த நிலம் கைக்கொண்ட நாளிலிருந்து ஐந்தாண்டுகள் பயன்படாமல் கிடந்தால் திருப்பித் தர வேண்டும் என்று அதைச் சுருக்கிச் சொல்கிறார்கள். கேட்டவுடன் உழவருக்கு நம்பிக்கை தரும் சுருக்கம்.

வாக்கியத்தை முழுதாகப் படித்தால் நம்பிக்கை குறைகிறது. 'எந்த நிலமும்' என்று அது தொடங்கினாலும், 'இந்தச் சட்டப்படி எடுக்கப்பட்ட' என்ற அடைமொழி உடனே வந்து அதைக் குறுக்கிவிடுகிறது. மாநிலச் சட்டப்படி எடுத்த நிலம் 'இந்தச் சட்டப்படி' எடுத்ததாகுமா? 2013 சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 105-ஏ பிரிவு, 1997 சட்டம் உட்பட மூன்று மாநிலச் சட்டங்களை ஐந்தாம் அட்டவணையில் வைத்து விலக்கு அளித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஜூலையில் அந்த ஏற்பாட்டைச் செல்லாது என்றது. அதே ஆண்டு மாநில அரசு புதிய சட்டம் இயற்றி அவற்றுக்கு உயிர் கொடுத்தது. 2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. அத்தோடு அந்த அடைமொழியின் எல்லை உழவருக்கு எதிராகவே இறுகியது.

அடைமொழியைத் தாண்டி வந்தாலும் அங்கே இன்னொரு 'ஆர்' காத்திருக்கிறது. நிலம் பழைய உரிமையாளருக்கோ அவர் வாரிசுகளுக்கோ, 'ஆர்' அரசின் நில வங்கிக்கோ திருப்பித் தரப்பட வேண்டும் என்பது வாக்கியம். இந்த 'ஆர்' மயங்கவில்லை. இரண்டில் ஒன்று என்பது தெளிவு. தேர்ந்தெடுப்பவர் யார் என்பதுதான் வாக்கியத்தில் இல்லை. வினை செயப்பாட்டு வினை. 'திருப்பித் தரப்படும்' என்று சொல்லும், தருபவரைச் சொல்லாது. போகட்டும், ஒருவரிடமிருந்து வாங்கியதைத்தான் அவரிடம் 'திருப்பித் தர' முடியும். நில வங்கியிடமிருந்து யாரும் இந்த நிலத்தை வாங்கவில்லை. ஆனாலும் ஒரே வினை உழவருக்கும் வங்கிக்கும் சேர்த்துப் போடப்பட்டிருக்கிறது. உழவருக்குப் பொருந்தும் சொல்லின் நிழலில் வங்கி உள்ளே வந்துவிடுகிறது.

அந்த வாக்கியத்தின் வாலில் உண்மையிலேயே ஒரு மொழிப்பிழை இருக்கிறது. அரசு வகுக்கும் 'முறையில்' என்று சொல்ல வந்த இடத்தில், 'சச் மேனர் ஆஸ்' என்பது ஆங்கிலச் சட்ட வழக்கு. இங்கே 'தி மேனர் ஆஸ்' என்று எழுதியிருக்கிறார்கள். தேர்வு மையத்தில் பயின்ற மாணவர் பென்சிலை எடுத்து வட்டமிடுவது அந்த இடத்தைத்தான். வளையமாதேவி உழவரின் விரல் நிற்க வேண்டிய இடம் அதற்கு ஒரு வரி மேலே, வட்டமில்லாத 'ஆர்' மீது.